வழுக்கக் கூடாத ஜனவரி

ஜனவரி பத்தாம் தேதி காலையில் என் கணவர் மோரியோ எங்கள் வீட்டில் இருந்த சிலிக்கான் ஸ்ப்ரே டப்பாக்கள் மூன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, எதிர் வீட்டு ஒனோஸூகா சானிடம் அடைக்கலமாகக் கொடுத்துவிட்டு வந்தார். கூடவே இரண்டு கட்டு மெழுகுவர்த்தி, காருக்குப் பூசும் மெழுகு ஒரு டின், அரை பாட்டில் சமையல் எண்ணெய்.

"எண்ணெயை எதுக்குங்க குடுத்தீங்க? நான் மீன் பொரிக்க வேண்டாமா?" என்றேன்.

"பதினாறு நாள்தானே, சுமியே. அவிச்சுச் சாப்பிடுவோம்."

எங்கள் பள்ளத்தாக்கில் பெய்வது ஈரப் பனி. சூடான சோறு மாதிரி தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பனி அள்ளும் வாரியில் ஒரு முறை அள்ளி வீசினால் பாதிதான் போகும், மீதி வாரியிலேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை அதன் மேல் இன்னொரு அடுக்கு. பத்தாவது தடவை நீங்கள் பனியை அள்ளுவதில்லை. பனியால் ஆன ஒரு வாரியைச் சும்மா தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் டிசம்பர் வந்ததும் ஊரே ஸ்ப்ரேயும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்பும். இரண்டு கையாலும் தள்ளுகிற அகலமான 'அம்மா வாரி'க்கு மெழுகு தேய்ப்பார்கள். பனியை அள்ளி வீசும் இயந்திரத்தின் துதிக்கை போன்ற குழாய்க்குள் சிலிக்கான் அடிப்பார்கள். அது இருந்தால் பனி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பதுதான் மோரியோவுக்குப் பிரச்சினை.

பரீட்சையில் தோற்றவரை எங்கள் பக்கம் 'வழுக்கிட்டார்' என்றுதான் சொல்வோம். 'விழுந்துட்டார்' என்றும் சொல்வதுண்டு. பரீட்சைக்குப் படிக்கிறவர் இருக்கிற வீட்டில் இரண்டு வார்த்தையையும் வாயில் எடுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வருஷம் படித்தது நான்தான். நாற்பத்தெட்டு வயதில், முதியோர் பராமரிப்புக்கான தேசியப் பரீட்சை. ஒன்பது வருஷமாக முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். இரவில் யார் யார் தண்ணீர் கேட்பார்கள், யார் யார் இறந்துபோன மனைவியைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சான்றிதழ் இல்லாததால் என் சட்டையில் 'உதவியாளர்' என்று எழுதிய அட்டை. ஏப்ரலில் புதுப் பிரிவு திறக்கிறார்கள். பாஸ் செய்தால் அதற்கு நான்தான் பொறுப்பாளர்.

இது மூன்றாவது தடவை. இதோடு சரி, இனி எழுதமாட்டேன் என்று மோரியோவிடம் சொல்லியிருந்தேன்.

முதல் தடவை நான் பரீட்சைக்குக் கிளம்பிய நேரத்தில் மோரியோ வாசலில் நின்று அப்போதுதான் ஸ்ப்ரே அடித்த துதிக்கையைத் தடவிப் பார்த்து, "ஆஹா, என்னமா வழுக்குது!" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன மறுநொடி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மார்ச்சில் முடிவு வந்தது. ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் விரலை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒரு மதிப்பெண். கணக்கு அவருக்குச் சரியாக இருந்தது.

இரண்டாவது வருஷம் அவர் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் முந்தின நாள் அம்மா வாரிக்கு அடிமுதல் நுனிவரை மெழுகு தேய்த்திருந்தார். அந்தத் தடவையும் போயிற்று.

அதனால் இந்த வருஷம் எங்கள் வீட்டில் வழுக்குகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. தினமும் மூன்று வேளையும் நாட்டோ. கிளறக் கிளற நூல் நூலாக இழுக்கும் அந்தச் சோயாவை நான் விரும்பித்தான் சாப்பிடுவேன். ஆனால் நாற்பத்தெட்டு வேளை தொடர்ந்து யாரும் விரும்ப முடியாது. சூப்பில் வழவழ காளான் கிடையாது. நூடுல்ஸ் தொண்டையில் சரேலென்று போகும் என்பதால் அதுவும் கிடையாது. "மோச்சி சாப்பிடு, பல்லுல ஒட்டும், நல்லது" என்று அந்த அரிசிக் கொழுக்கட்டையை நீட்டுவார்.

இதெல்லாம் எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். ஒனோஸூகா சான் காதில் விழுந்துவிட்டது.

ஒனோஸூகா சான் (பெயருக்குப் பின்னால் 'சான்' போடுவது எங்கள் ஊர் மரியாதை) ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எங்கள் சந்தில் இருக்கும் ஐந்து வீடுகளுக்கும் அந்த வருஷம் அவர்தான் தலைவர். அடைக்கலப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவர், மாலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மோரியோ சான், உங்க வாரி மட்டும் ஒட்டி என்ன பிரயோஜனம்? எங்க வாரி வழ... அந்த மாதிரி இருந்தா, சகுனம் சந்து பூரா பரவிடாதா? முப்பத்தோரு வருஷம் மலைப்பாதையில பஸ் ஓட்டியிருக்கேன். குளிர்காலத்துல ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை."

"அப்ப என்ன சொல்வீங்க?" என்றேன்.

"'டயர் யோசிக்குது'ன்னு சொல்வேன். பிரயாணிகள் எல்லாம் கம்பியைப் பிடிச்சுக்குவாங்க."

மறுநாள் வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்பு அட்டை எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஒனோஸூகா சானின் அழகான கையெழுத்து. சுமியே சானின் பரீட்சை முடியும்வரை சந்தில் உள்ள எந்தப் பனிக் கருவிக்கும் மெழுகோ, எண்ணெயோ, ஸ்ப்ரேயோ போடக் கூடாது. 'பனி விழுகிறது' என்பதற்குப் பதிலாக 'பனி வந்திறங்குகிறது' என்று சொல்ல வேண்டும். யாராவது பாதையில் சறுக்கினால் 'முன்னேறினார்' என்று குறிப்பிட வேண்டும். கீழே நான்கு வீட்டுச் சிவப்பு முத்திரைகள். ஐந்தாவதாக மோரியோ எங்கள் முத்திரையை ஊதி ஊதி அழுத்தினார்.

"என்னைக் கேட்டீங்களா?" என்றேன்.

"உனக்கு இதெல்லாம் எதுக்கு? நீ படி."

அந்த ஜனவரியில் பனியும் விட்டுவைக்கவில்லை. தினமும் முழங்கால் உயரம் வந்திறங்கியது. ஐந்து வீட்டு வாரிகளும் ஒட்டின. மோரியோ இயந்திரத்தை மூன்று அடி ஓட்டுவார், துதிக்கை அடைத்துக்கொள்ளும், எஞ்சினை நிறுத்தி, கட்டையால் குத்தி எடுப்பார். எடுக்கும்போது, "ஒட்டிக்கிச்சு! சுமியே, நல்லா ஒட்டிக்கிச்சு!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்துவார். ஒனோஸூகா சான் எதிர்ப்புறத்திலிருந்து கைதட்டுவார். நான் உள்ளே மறதி நோயின் நிலைகளைப் படித்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டு ஃபுஸாயே சானுக்கு அறுபத்தாறு வயது. நாக்கு மட்டும் இருபது. ஒரு நாள் வேலி வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"சுமியே, படிக்கிறியா?"

"படிக்கிறேன், ஃபுஸாயே சான்."

"படி, படி. நீ மட்டும் பாஸ் பண்ணலே, என் இடுப்பைக் கொண்டுவந்து உன் வாசல்ல போட்டுட்டுப் போயிடுவேன். என் வாரி என்ன கனம் கனக்குது தெரியுமா? கல்யாணம் ஆன புதுசுல என் வீட்டுக்காரரைக்கூட நான் இப்படிச் சுமந்ததில்லை."

அதே வாரம் அவள் வாசற்படியில் கால் நழுவி உட்கார்ந்துவிட்டாள். வலியில் முகம் கோணியிருந்தும் சந்துக்கே கேட்கக் கத்தினாள். "யாராவது வாங்களேன்! நான் படியிலருந்து முன்னேறிட்டேன்! இடுப்போட முன்னேறிட்டேன்!"

ஓடிப்போய்த் தூக்கினேன். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள்தான் முதலில் சிரித்தாள்.

மோரியோவைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, அதன் மேல் இன்னொரு கொப்புளம். மருந்து போடலாம் என்று கையைப் பிடித்தேன். களிம்பைப் பார்த்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"வழவழன்னு இருக்கும். வேண்டாம்."

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை மாலையில் வானம் தாழ்ந்து வந்து கூரைமேல் உட்கார்ந்தது போல இருந்தது. ஞாயிறு காலை நான்கு மணிக்கு எழுந்தபோது வீட்டுக்கு வெளியே சத்தமே இல்லை. கதவைத் திறந்தேன். தொடை உயரத்துக்கு ஈரப் பனி. பெரிய சாலையை நகராட்சி வண்டி வந்து தள்ளிவிட்டுப் போயிருக்கும். எங்கள் சந்து எங்கள் பொறுப்பு. வாசலிலிருந்து சாலைவரை நூற்றிருபது மீட்டர். ரயில் ஆறு ஐம்பதுக்கு. அதை விட்டால் நீகாத்தா நகரத்தில் பரீட்சை மண்டபக் கதவை மூடுவதற்குள் போய்ச் சேர வேறு ரயில் கிடையாது.

ஐந்து வீட்டாரும் வெளியே வந்துவிட்டார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒட்டுகிற வாரிகளோடு, யாரும் யாரையும் குறை சொல்லாமல் வேலை செய்தார்கள். மோரியோவின் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. ஆனால் ஐந்தே முக்காலுக்கு நான் உடை மாற்றி, சோற்று உருண்டையைப் பையில் வைத்து வாசலுக்கு வந்தபோது நாற்பது மீட்டர்தான் முடிந்திருந்தது.

மனக்கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் ரயில் கிடைக்காது.

"நான் நடந்தே சாலைக்குப் போயிடறேன். அங்கருந்து யாராவது வண்டியில ஏத்திக்குவாங்க" என்று பனிக்குள் காலை வைத்தேன். இரண்டாவது அடியில் வலது காலணி உள்ளேயே நின்றுவிட்டது. கால் மட்டும் காலுறையோடு வெளியே வந்தது.

"ஒட்டிக்கிச்சு!" என்று பின்னாலிருந்து ஒனோஸூகா சான் பழக்கதோஷத்தில் கைதட்டினார். ஒருத்தரும் சேர்ந்துகொள்ளாததால் இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டார்.

ஒற்றைக் காலில் நின்றபடி திரும்பினேன். "ஸ்ப்ரே எங்கே?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஒனோஸூகா சான், ஸ்ப்ரேயை எடுத்துட்டு வாங்க."

"அது அடைக்கலம். குடுத்தவர் கேட்டாத்தான் குடுப்பேன்."

"ஏங்க, கேளுங்களேன்."

மோரியோ இயந்திரத்தை நிறுத்தினார். அவர் முகத்தில் வியர்வையும் பனியும் கலந்து வழிந்தது. "முடியாது, சுமியே. ரெண்டு தடவை உன்னை நான்தான்..." மேலே சொல்ல அந்த வார்த்தை வேண்டும். அதைச் சொல்ல முடியாமல் வாய் மட்டும் அசைந்தது. "நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா முதல் தடவையே நீ பாஸ் பண்ணியிருப்பே. ஒரே ஒரு மார்க்கு. அது என் மார்க்கு."

இரண்டு வருஷமாக இதை நான் அவருடைய கிறுக்கு என்றே நினைத்திருந்தேன். மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். அந்த மனிதர் இரண்டு வருஷமாக இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அவர் சுமக்கட்டும் என்று நானும் விட்டிருக்கிறேன், எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

"ஒரு மார்க்கு இல்லை" என்றேன்.

"என்ன?"

"பத்தொன்பது. பத்தொன்பது மார்க்குல போச்சு. எழுபத்தொண்ணாம் கேள்வியிலருந்து விடைத்தாள்ல ஒரு வரி தள்ளித் தள்ளிக் கறுப்படிச்சிருக்கேன். வெளியில சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் ஒண்ணுன்னு சொன்னேன்."

மோரியோ இயந்திரத்தின் கைப்பிடியை விட்டார்.

"அப்ப... ரெண்டாவது தடவை? மெழுகு?"

"ரெண்டாவது தடவை நான் படிக்கவே இல்லைங்க. பாதிப் புத்தகம் பிரிக்கவே இல்லை. டிவியில டிராமா பார்த்தேன்."

ஃபுஸாயே சான் வாரியை ஊன்றிக்கொண்டு வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி! டிராமா பார்த்ததுக்கா நான் இடுப்பை உடைச்சுக்கிட்டேன்?"

மோரியோ என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மெதுவாக, "இருந்தாலும் அந்த வார்த்தையை நான் சொல்லாம இருந்திருந்தா பத்தொன்பது பதினெட்டா ஆகியிருக்கும்" என்றார்.

காலணியைப் பனியிலிருந்து பிடுங்கி மாட்டிக்கொண்டேன். மணி ஆறு.

"சரி, மோரியோ சானே கேட்டாலும் என்னால குடுக்க முடியாது" என்று ஒனோஸூகா சான் குறுக்கே வந்தார். "அட்டையில அஞ்சு முத்திரை இருக்கு. ரத்து பண்ணணும்னா திரும்ப அட்டை எழுதி, அஞ்சு வீட்டுக்கும் சுத்தவிட்டு—"

"யோவ், டிரைவர்!" என்று ஃபுஸாயே சான் கத்தினாள். எழுபத்து மூன்று வயதுத் தலைவரை எங்கள் சந்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "உன் அட்டையை அப்புறம் சுத்தவிடு. முதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. இன்னைக்குப் பரீட்சை யாருக்கு? சுமியேவுக்கா, பனிக்கா?"

"சுமியே சானுக்கு."

"ஸ்ப்ரே அடிச்சா வாரியிலருந்து வழுக்கப்போறது யாரு?"

அவள் அந்த வார்த்தையைச் சொன்னதும் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"பனி" என்றார் ஒனோஸூகா சான் தயங்கித் தயங்கி.

"அப்ப பனிதானே ஃபெயிலு? விழறதும் அதுதான், வழுக்கறதும் அதுதான். எதிராளி தோக்கறதுக்கு எதுக்குய்யா நாம பயப்படணும்? பனி நல்லா வழுக்கட்டும்! சுமியே போற வழியில எல்லாமே வழுக்கி விழட்டும், அவ மட்டும் நிக்கட்டும்!"

ஒனோஸூகா சான் கண்ணை மூடி யோசித்தார். மலை வளைவில் எதிரே லாரி வந்தால் இப்படித்தான் யோசித்திருப்பார் போல. பிறகு கண்ணைத் திறந்து, "சட்டப்படி சரிதான்" என்று சொல்லிவிட்டு, அந்த வயதில், அந்தப் பனியில், வீட்டுக்கு ஓடினார்.

அவர் பொட்டலத்தோடு திரும்பியதும் நான் மோரியோவைப் பார்த்தேன். "கேளுங்க" என்றேன்.

அவர் கொப்புளக் கையை நீட்டினார். "குடுங்க, ஒனோஸூகா சான்."

கயிற்றை அவிழ்க்க நேரமில்லை, மோரியோ பல்லால் கடித்து அறுத்தார். மூன்று டப்பாவும் மூன்று பக்கம் சீறின. துதிக்கைக்குள், விசிறிக்குள், வாரிகளின் முதுகிலும் வயிற்றிலும். மெழுகுவர்த்தி ஆளுக்கு ஒன்று. என் சமையல் எண்ணெயையும் யாரோ ஊற்றினார்கள். மோரியோ எஞ்சினை முடுக்கினார். துதிக்கையிலிருந்து பனி ஒரே வெள்ளை வில்லாகக் கிளம்பி வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

"வழுக்கிடுச்சு!" என்று அலறினாள் ஃபுஸாயே சான்.

பதினாறு நாள் அடக்கிவைத்த வார்த்தை. அதன் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. "வழுக்கு! வழுக்கு!" என்று வாரிக்கு வாரி கத்தினார்கள். "விழுடா பனியே, விழு!" என்றது சந்தின் கடைக்கோடி வீடு. "டயர் யோசிக்கலே!" என்று ஒனோஸூகா சான் எதற்கோ கத்தினார். மோரியோ மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, இயந்திரத்தின் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். எண்பது மீட்டரும் இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது.

மோரியோ காரை எடுத்தார். என் ஈரக் காலுறையைக் கழற்றி ஹீட்டர் முன்னால் பிடித்துக்கொண்டிருந்தேன். அரிசி ஆலையைத் தாண்டியதும் கேட்டார்.

"எந்த டிராமா?"

"பத்து மணிக்கு வருமே. அந்த டாக்டரும், அவரோட பழைய காதலியும்."

"அதை நானும்தானே பார்த்தேன்."

"ஆமா. பக்கத்துலதான் உக்காந்து கடலை தின்னுட்டிருந்தீங்க. அழுதீங்க வேற."

"அப்ப போய்ப் படின்னு நான் சொல்லலையா?"

"சொல்லலை."

"அப்ப என்மேலயும் தப்பு இருக்கு."

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"மூணு மார்க்கு இருக்கும்."

அவர் முகம் தெளிந்தது. மூன்று மதிப்பெண் அளவுக்குக் குற்றம் என்றால் தூக்கிக்கொண்டு நடக்க முடியும் என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.

நிலையத்தில் ரயில் வந்து நின்றிருந்தது. என் பையைக் கொடுத்துவிட்டு அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லத் தேடினார். எது எங்கே போய் முடியுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றாக விழுங்குவது எனக்குத் தெரிந்தது. கடைசியில், "இந்தத் தடவை படிச்சியா?" என்றார்.

"படிச்சேங்க. எல்லாப் பக்கமும்."

"சரி" என்றார். கதவு மூடிற்று.

மார்ச் கடைசியில் மதியம் இரண்டு மணிக்கு முடிவு வந்தது. தேர்ச்சிப் பட்டியலில் என் எண் இருந்தது. தேர்ச்சிக்கு வேண்டியதைவிட இருபத்திரண்டு மதிப்பெண் அதிகம். சந்தில் இன்னும் கரையாத பனிக் குவியல் பக்கத்தில் ஐந்து வீட்டாரும் கூடி, அது எதனால் கிடைத்தது என்று வாதாடினார்கள். பதினாறு நாள் ஒட்டியதால்தான் என்றார் ஒனோஸூகா சான். இருபத்தைந்து நிமிஷம் பனியை வழுக்கவிட்டதால்தான் என்றாள் ஃபுஸாயே சான். அந்த யோசனை யாருடையது என்பதையும் இரண்டு தடவை கேட்டாள்.

"நான் படிச்சேன்" என்றேன்.

"அது சரிடி. படிக்கறவங்க எல்லாரும்தான் படிக்கறாங்க" என்றாள் ஃபுஸாயே சான்.

மோரியோ அந்த வாதத்தில் சேரவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கி, என் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு வீட்டுக்குள் போய், புத்தக அலமாரி முன்னால் நின்று, என் ஐந்து பாடப்புத்தகங்களையும் எடுத்துப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் என் பென்சில் கோடு இருந்தது.

"நிஜமாத்தான் படிச்சிருக்கே" என்றார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரே எண்ணெய் வாங்கிவந்து மீன் பொரித்தார்.